கிரேடு 5 பிள்ளைக்கு விவாதப் போட்டியும் கணிதப் போட்டியும் ஒரே பருவத்தில்: எப்படித் தயார் செய்வது?

கேட்டவர்: சாட்ஸ்வொர்த் அம்மா

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறோம். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் எங்கள் மகள் இவ்வாண்டு கிரேடு 5 படிக்கிறாள். தென்னாப்பிரிக்கக் கணிதச் சவால் போட்டியின் முதல் சுற்றுக்கு அவள் பெயரைப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். அதே பருவத்தில், அக்கம்பக்கத்துத் தொடக்கப் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் ஒரு விவாதப் போட்டிக்கும் அவளுடைய ஆங்கில ஆசிரியர் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

விவாதத்தின் தலைப்பு, பள்ளி டக் ஷாப்பில் (பள்ளிக்குள் இருக்கும் தின்பண்டக் கடையில்) சர்க்கரை கலந்த குளிர்பானங்களை விற்பதைத் தடை செய்ய வேண்டும் என்பது. என் மகளுக்குக் கிடைத்திருப்பது தடையை எதிர்க்கும் அணி. எங்களுடன் வசிக்கும் அவளுடைய பாட்டிக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், அந்தப் பானங்களைப் பற்றி அவளுக்கு உறுதியான கருத்து உண்டு. தலைப்பைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள், "நான் நம்பாததைப் பேசினால் அது பொய் இல்லையா, அம்மா?" என்று கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பல ஆண்டுகளாகக் குறள் ஒப்பித்தும், ஐஸ்டெட்ஃபாட் என்னும் கலைப் போட்டி மேடைகளில் பேசியும் பழகியவள் என்பதால் மனப்பாடம் செய்வது அவளுக்கு எளிது. ஆகவே முழு உரையையும் நானே எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். பத்து வயதில் இரண்டு போட்டிகள் ஒரே நேரத்தில் பாரமாகிவிடுமா என்ற கவலையும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: மெர்பேங்க் ஆசிரியை (ஓய்வு)

வணக்கம் அம்மா. தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மகள் கேட்ட கேள்விக்குத்தான் முதலில் விடை காண வேண்டும். அதற்கு நேர்மையான விடை கிடைக்காத பிள்ளை, ஒன்று விவாதத்தையே வெறுத்துவிடும், அல்லது எதையும் எப்படியும் பேசி வென்றால் போதும் என்று முடிவு கட்டிவிடும். இரண்டாவது வகைப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது மிகவும் வருத்தம் தரும் விளைவு.

கேட்பவர் நம்பிவிட வேண்டும் என்று எண்ணி, உண்மையல்ல என்று தெரிந்தே ஒன்றைச் சொல்வதுதான் பொய். விவாத அரங்கில் எந்த அணி எந்தப் பக்கம் பேசும் என்பது ஒதுக்கித் தரப்பட்டது என்று நடுவருக்கும் எதிரணிக்கும் பெற்றோருக்கும் தெரியும் என்பதால் அங்கே யாரும் ஏமாற்றப்படுவதில்லை. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு, அதையும் அவளிடம் சொல்லுங்கள்: அணி ஒதுக்கப்பட்டது என்பதற்காகத் தவறான செய்தியைச் சொல்லும் உரிமை யாருக்கும் கிடைப்பதில்லை. சர்க்கரையால் உடலுக்குக் கெடுதி இல்லை என்று அவள் ஒருநாளும் சொல்லக் கூடாது.

அவளுடைய அணி வெல்வதற்கு அந்த வாக்கியம் தேவையும் இல்லை. தலைப்பைக் கூர்ந்து படித்தால், கேள்வி சர்க்கரை நல்லதா கெட்டதா என்பதன்று, டக் ஷாப்பில் தடை விதிப்பது சரியான மருந்தா என்பதே. ஆகவே அவள் தன் உரையின் தொடக்கத்திலேயே, "என் வீட்டிலேயே சர்க்கரை நோயாளி ஒருவர் இருக்கிறார், இந்தப் பானங்களின் கெடுதியை நான் அறிவேன்" என்று மனமாரச் சொல்லிவிட்டு, அதன்பிறகு தடை ஏன் பலன் தராது என்று வாதிடலாம். பள்ளி வாசலுக்கு வெளியே அதே பானம் கிடைக்கும்போது, பிள்ளைகள் வாங்குமிடம் மாறுமே தவிரக் குடிக்கும் அளவு குறையுமா? டக் ஷாப் வருமானத்தைக் கொண்டு பள்ளி எதையாவது வாங்குகிறதா, அது நின்றால் ஈடு செய்வது யார்? வேறு பானங்களைக் குறைந்த விலையில் முன்னால் வைத்து, சர்க்கரை அளவைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால் பிள்ளைகள் தாமாகத் தேர்ந்தெடுக்கக் கற்க மாட்டார்களா? இவை எல்லாம் அவள் மனம் உவந்து சொல்லக்கூடிய வாதங்கள்.

செய்தி ஒன்றும் தருகிறேன். இந்நாட்டில் 2018 ஏப்ரல் முதல், 100 மில்லிலிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு, அந்த அளவைத் தாண்டும் ஒவ்வொரு கிராமுக்கும் வரி விதிக்கப்படுகிறது. இதை இரண்டு அணிகளுமே எடுத்தாள முடியும். அரசே இதைத் தீங்கு என்று ஏற்றுக்கொண்டுவிட்டது, பள்ளி மட்டும் ஏன் விற்கிறது என்று தடையை வேண்டுவோர் கேட்பார்கள். அரசு வரி விதித்ததே தவிரத் தடை செய்யவில்லையே, அளவைக் குறைக்கத் தூண்டுவதே அதன் வழி என்று உங்கள் மகள் மறுமொழி சொல்லலாம். ஒரே செய்தியை வைத்து இரண்டு பக்கமும் அவளைப் பேச வைத்துப் பாருங்கள். விவாதம் என்றால் என்ன என்பது அந்த ஒரு பயிற்சியிலேயே அவளுக்குப் புரிந்துவிடும்.

உரையை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒப்பித்தலில் வல்ல பிள்ளைகளுக்கு விவாதம் தொடக்கத்தில் கடினமாக இருப்பதற்குக் காரணம், அவர்களுடைய கவனம் முழுவதும் தம்முடைய அடுத்த வரியின் மேல் இருப்பதுதான். எதிரணியினர் பேசும்போது அவர்கள் கேட்பதில்லை, உள்ளுக்குள் தம் உரையை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் சாப்பாட்டு மேசையில் ஒரு பழக்கத்தை ஏற்படுத்துங்கள். நீங்கள் தடை வேண்டும் என்று ஒரு காரணம் சொல்லுங்கள். அவள் அதற்குப் பதில் சொல்லும் முன், உங்கள் காரணத்தைத் தன் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும், நீங்கள் "ஆம், நான் சொன்னது அதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே அவள் மறுக்கலாம். முதலில் சலிப்பாக இருக்கும். சில நாள்களில் அவளே உங்கள் வாதத்தின் ஓட்டையைக் காட்டத் தொடங்குவாள்.

பதில்: மாரிட்ஸ்பர்க் பயிற்சியாளர்

ஆசிரியை அம்மா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். முதன்முறையாக மேடை ஏறும் பிள்ளை, தொடக்க வாக்கியங்களையும் முடிவு வாக்கியங்களையும் எழுதி வைத்துக்கொள்வதில் தவறில்லை. கால்கள் நடுங்கும் அந்த முதல் அரை நிமிடத்தைக் கடக்க அது உதவும். ஆனால் எழுதுபவள் அவளாகவே இருக்க வேண்டும். அவள் பேசப் பேச நீங்கள் அவளுடைய சொற்களையே குறித்துக் கொடுக்கலாம். நடுப்பகுதிக்குச் சிறு அட்டைகளில் ஓரிரு சொற்கள் போதும்.

இந்தப் போட்டிகள் எந்த வடிவத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தால் பெற்றோருக்குப் பல குழப்பங்கள் நீங்கும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான உலகப் பள்ளிகள் விவாதப் போட்டி 2012இல் கேப் டவுனில் நடைபெற்றது. இங்குள்ள பள்ளிகள் பலவும் அந்த வடிவத்தையே பின்பற்றுகின்றன. அதில் அணிக்கு மூவர் பேசுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 8 நிமிடம், அதன்பின் அணிக்கு ஒரு 4 நிமிட நிறைவுரை. ஒருவர் பேசும்போது முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் தவிர்த்து, எதிரணியினர் எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்க அனுமதி கோரலாம். ஏற்பதும் மறுப்பதும் பேசுபவரின் விருப்பம். மதிப்பெண்ணில் உள்ளடக்கத்துக்கு 40, பேசும் முறைக்கு 40, உத்திக்கு 20.

பத்து வயதுப் பிள்ளைக்கு இதை அப்படியே கொடுப்பது நியாயமன்று. நான் பயிற்சி அளிக்கும் இடத்தில் உரைக்கு மூன்று நிமிடம்தான் தருகிறோம், நிறைவுரை கிடையாது, குறுக்குக் கேள்வியைக் கிரேடு 6 வரை ஒத்திப் போடுகிறோம். மாறாக, ஒவ்வோர் உரைக்குப் பின்னும் எதிரணியினர் தமக்குள் கலந்து பேச ஒரு நிமிடம் ஒதுக்குகிறோம். மறுப்புச் சொல்லும் கலை வளர்வது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

உங்கள் பள்ளியிடம் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியது நடுவர்களைப் பற்றி. தொடக்கப் பள்ளிப் போட்டிகளில், உரத்த குரலும் கைவீச்சும் கொண்ட பிள்ளைக்கே பரிசு போய்விடுவதை அடிக்கடி பார்க்கிறேன். எதிரணி சொன்னதை ஒரு வாக்கியத்திலாவது எடுத்து மறுத்த பிள்ளைக்கு அதற்குரிய மதிப்பெண் தனியாக உண்டா என்று கேளுங்கள். முடிவை அறிவித்த பின் நடுவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஓரிரு நிமிடம் பேசுவாரா என்பதையும் கேளுங்கள். அந்தப் பேச்சு இல்லாத போட்டியில் தோற்ற பிள்ளை, ஏன் தோற்றோம் என்று தெரியாமல் வீட்டுக்குப் போகிறது. வென்ற பிள்ளையும் அப்படித்தான்.

உங்கள் மகளை எந்த வரிசையில் பேச வைக்கிறார்கள்? மனப்பாடத்தில் வல்லவர்களை ஆசிரியர்கள் முதல் பேச்சாளராக நிறுத்துவது வழக்கம், ஏனெனில் அந்த உரையின் பெரும்பகுதியை முன்கூட்டியே தயாரித்துவிடலாம். இந்த முறை அப்படியே இருக்கட்டும். அடுத்த போட்டியில் இரண்டாவது இடத்தைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது பேச்சாளர் ஏறத்தாழ முழுவதும் மறுப்புரைதான் ஆற்றுவார் என்பதால் அந்த இடத்துக்குப் பழக்கம் வேண்டும்.

தலைப்பைப் பற்றியும் ஒரு சொல். டக் ஷாப் தலைப்பு நல்ல தேர்வு, ஏனெனில் பிள்ளைகள் தாமே சென்று பார்த்து, விலை கேட்டு, நண்பர்களிடம் விசாரித்துச் சான்று திரட்ட முடிகிறது. வீட்டில் பயிற்சிக்கு இது போன்ற உள்ளூர்த் தலைப்புகளையே எடுங்கள். டர்பன் கடற்கரையில் 1952 முதல் சுறா வலைகள் போடப்படுகின்றன. குளிப்பவர்களைக் காக்கும் அந்த வலைகளில் ஆமைகளும் டால்பின்களும் சிக்கி இறக்கின்றன. வலைகளை அகற்ற வேண்டுமா என்ற கேள்வியில் இரண்டு பக்கமும் உண்மையான நியாயம் இருக்கிறது. வீட்டு முற்றத்துக்கு வரும் குரங்குகளுக்கு உணவளிப்பது பற்றிய தலைப்பையும் பிள்ளைகள் மிக விரும்புகிறார்கள்.

பதில்: லெனேசியா அப்பா

கணிதப் போட்டியைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். கணிதச் சவால் கிரேடு 4 முதல் 7 வரை உள்ள பிள்ளைகளுக்கானது. முதல் சுற்றை அவரவர் பள்ளியிலேயே எழுதுகிறார்கள், அதில் நன்றாகச் செய்தவர்கள் இரண்டாம் சுற்றுக்குப் போகிறார்கள். கிரேடு 8இலிருந்துதான் கணித ஒலிம்பியாட் என்னும் மேல்நிலைப் போட்டி தொடங்குகிறது. உலகக் கணித ஒலிம்பியாட் 2014இல் கேப் டவுனில் நடந்தபோது என் மூத்த மகன் அந்தச் செய்திகளை ஆர்வத்துடன் படித்தது நினைவிருக்கிறது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடம் அந்தச் சிகரத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இதற்கென்று டியூஷன் வேண்டாம், அக்கா. வகுப்புக் கணக்கை இன்னும் வேகமாகப் போடும் பயிற்சி இங்கே பெரிதாக உதவாது, கேட்கப்படும் கேள்விகளின் இயல்பு வேறு. எடுத்துக்காட்டாக, ஆறு பிள்ளைகள் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் ஒருமுறை கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்கள் என்று கேளுங்கள். 36 என்றோ 30 என்றோ முதலில் சொல்வாள். திருத்தாதீர்கள். இரண்டு பேர் இருந்தால் எத்தனை, மூவர் இருந்தால் எத்தனை என்று சிறிய எண்ணிலிருந்து வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். 1, 3, 6, 10 என்று வரும்போது அடுத்தது 15 என்பதை அவளே கண்டுபிடிப்பாள். ஒவ்வொரு முறையும் கூட்டப்படும் எண் ஒன்று கூடிக்கொண்டே போவது ஏன் என்பதையும் அவளையே விளக்கச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்கக் கணித அறக்கட்டளை பழைய வினாத்தாள்களைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று கணக்குகளை நிதானமாகச் செய்தால் போதும், இதனால் விவாதத்துக்கான நேரமும் குறையாது.

விளக்கச் சொல்வதை வலியுறுத்துகிறேன், ஏனெனில் இரண்டு போட்டிகளும் சந்திப்பது அங்கேதான். விடை சரி என்று எப்படித் தெரியும் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளை, எதிரணியின் வாதத்தையும் அதே கேள்வியால்தான் தட்டிப் பார்க்கும்.

பதில்: வெருலம் வாசகி

எல்லோரும் தயாரிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் சற்று வேறு பக்கம் நிற்கிறேன். என் அக்காள் மகன் அதே வயதில் ஒரு போட்டியில் நடுவில் பேச்சு நின்று போய், அரங்கம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அழுதான். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் வகுப்பில் கை உயர்த்தவே மறுத்தான். அரங்கு நிறையப் பெற்றோரை உட்கார வைத்து, கிண்ணத்தை மேசையில் நிறுத்தி, பத்து வயதுப் பிள்ளைகளை மோத விடுவது தேவைதானா? பள்ளிப் பாடத்திட்டத்திலேயே கேட்டலும் பேசுதலும் ஒரு பகுதியாக இருக்கிறது, தயாரித்த பேச்சும் தயாரிக்காத பேச்சும் வகுப்பிலேயே நடக்கின்றன. அந்த வயதுக்கு அது போதும் என்று நினைக்கிறேன். அம்மா, மகளுக்கு உண்மையில் விருப்பம் இருக்கிறதா என்று ஒருமுறை தனியாக அழைத்துக் கேளுங்கள்.

பதில்: சாட்ஸ்வொர்த் அம்மா

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பொய் பற்றிய விளக்கத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். பாட்டியைப் பற்றிச் சொல்லித் தொடங்கலாம் என்றதும் அவள் முகம் தெளிந்துவிட்டது. பாட்டியிடமே போய் அனுமதியும் வாங்கிக்கொண்டாள். வெருலம் அம்மா சொன்னபடி விருப்பத்தையும் கேட்டேன். விவாதம் வேண்டும், ஆனால் பேச்சு நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருக்கிறது என்றாள். அதற்கு என்ன வழி?

மற்றொரு கேள்வியும் உண்டு. எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இதே போன்று தமிழில் ஒரு விவாதம் நடத்தலாமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலருக்குப் பாட்டும் குறளும் வாயில் வருமே தவிர, தமிழில் தாமாக ஒரு வாக்கியம் அமைக்க வராது. முடியுமா?

பதில்: டொங்காட் தமிழ் வகுப்புத் தொண்டர்

முடியும் அக்கா, ஆனால் பட்டிமன்றமாக வேண்டாம். பட்டிமன்றம் நாமெல்லாம் விரும்பிக் கேட்பதுதான். இருந்தாலும் அதில் பேச்சாளரின் நகைச்சுவையும் சொல்வளமும் நடுவரின் தீர்ப்புரையுமே அரங்கைத் தாங்குகின்றன. சொல்வளம் இனிமேல்தான் வர வேண்டிய பிள்ளைகள் அதைப் பார்த்துச் செய்தால், பெரியவர் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் நிகழ்ச்சியாக அது மறுபடியும் மாறிவிடும்.

நாங்கள் செய்வது இது. முதலில் நான்கு வாக்கியச் சட்டங்களை மட்டும் கற்றுத் தருகிறோம்: "நான் இப்படி நினைக்கிறேன், ஏனென்றால்", "நீங்கள் சொன்னது", "அது சரிதான், ஆனால்", "ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்". எதிரே இருப்பவர் சொன்னதற்கு இந்தச் சட்டங்களில் ஒன்றைக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் பதில் சொன்னால் போதும். இடையில் சொல் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லைப் போட்டுப் பேசிவிட்டு, முடிந்த பிறகு அதற்குரிய தமிழ்ச் சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நடுவில் யாரும் திருத்தக் கூடாது என்பது எங்கள் வகுப்பில் கண்டிப்பான விதி. வீட்டில் நாய் நல்லதா பூனை நல்லதா, சனிக்கிழமை தமிழ் வகுப்பு காலையில் வேண்டுமா மாலையில் வேண்டுமா என்பவை எங்கள் தலைப்புகள். இரண்டாவது தலைப்பில் பிள்ளைகள் உண்மையாகவே கோபத்துடன் வாதிட்டார்கள், தமிழில்!

இந்நாட்டின் அரசியல் சட்டம், மதித்துப் போற்ற வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த மதிப்பை மேடையில் பாடிக் காட்டுவதோடு நிறுத்திவிடாமல், நம் பிள்ளைகள் தமக்கு வேண்டியதைத் தமிழில் கேட்டு வாங்கவும் மறுத்துப் பேசவும் வேண்டும் என்ற ஆசை எனக்கு மிகுதியாக உண்டு. கிண்ணம், பதக்கம் எதுவும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜூலு நண்பனை அழைத்து வந்து நேரம் குறிக்க வைத்த பிள்ளையும் எங்களிடம் உண்டு.

பதில்: மெர்பேங்க் ஆசிரியை (ஓய்வு)

வெருலம் சகோதரி சொன்ன பயம் உண்மையானது, அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தச் சிறுவனைக் கலங்க வைத்தது விவாதம் என்பதைவிட, பேச்சு நின்றால் என்ன செய்வது என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தராததே என்று நினைக்கிறேன். அம்மா, உங்கள் மகளுக்கு இதை இப்போதே பழக்குங்கள். நடுவில் நின்றுவிட்டால், அட்டையைப் பார்க்க வேண்டும், மூச்சு விட வேண்டும், பின்பு "என் அடுத்த காரணம்" என்று சொல்லித் தாண்டிப் போக வேண்டும். விட்டுப்போனதைத் தேடித் திரும்பக் கூடாது. வீட்டுப் பயிற்சியின்போது நீங்களே வேண்டுமென்று இருமியோ கதவைத் தட்டியோ அவளுடைய ஓட்டத்தை நிறுத்துங்கள், அவள் மீண்டும் தொடங்கட்டும். போட்டிக்கு முன்பு ஒருநாள் அந்த அரங்குக்கே அழைத்துச் சென்று, பாட்டியைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து ஒருமுறை பேசச் சொல்லுங்கள். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்பதைப் பாட்டி சொல்லட்டும்.